குறைப் பக்கம்

"கொஞ்சம் படுத்துப் பாரும்மா. முதுகுக்கு இதமா இருக்கான்னு சொல்லு" என்றார் மாமியார்.

மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். முப்பத்தைந்து வருடமாக இவருக்காகச் சமையலில் உப்புப் பார்த்தாயிற்று. இனி மெத்தையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது! மெத்தை அவள் தோளைத் தாங்கியது, இடுப்பைத் தாங்கியது. இரண்டு நிமிடம் விட்டிருந்தால் தூங்கியே போயிருப்பாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கல்லு மாதிரி இருக்கு அத்தை" என்று எழுந்தாள்.

"அப்படியா? எழுதிக்கோ."

அந்த முதியோர் குடியிருப்பில் ஒரே ஓர் அறைதான் காலியாக இருந்தது. இன்று மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். விட்டால் வரிசையில் காத்திருப்பவருக்குப் போய்விடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாமியார் ஒரு நோட்டைக் கையில் கொடுத்திருந்தார். "இடது பக்கம் நிறையை எழுது, வலது பக்கம் குறையை எழுது. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நீ சொல்றதுதான் முடிவு."

இடது பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"மூணு வேளையும் இங்கதான்மா" என்று சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினார் மேலாளர். மாமியாருக்குக் காது மந்தம் என்பதாலோ என்னவோ, அவர் எல்லாவற்றையும் மருமகளைப் பார்த்தே சொன்னார். "வந்து உட்கார்ந்தா போதும், பரிமாறுவாங்க. தட்டுகூட கழுவ வேண்டாம்."

உட்கார்ந்தால் பரிமாறுவார்களாம்! மருமகளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவள் கணவர் தவறி எட்டு வருடம் ஆகிறது. தன் சின்ன மகன் எத்தனை தடவை கூப்பிட்டும் போகாமல், மாமியார் இவளோடுதான் இருக்கிறார். போன மாதம் இவளுக்கு அறுபது முடிந்தது. அன்றைக்கும் இவள்தான் சமைத்தாள், இவள்தான் பாத்திரம் தேய்த்தாள். பிறந்ததிலிருந்து ஒரு வேளையாவது இவளை உட்கார வைத்து யாராவது பரிமாறியதுண்டா? இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த யோகம்?

ருசி பார்க்க ஒரு கிண்ணம் சூப் கொடுத்தார்கள்.

"உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல" என்றாள், கிண்ணத்தைக் காலி செய்து வைத்துவிட்டு.

தோட்டத்தில் நான்கு பெண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காயை அடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மருமகள் கேரம் பலகையைத் தொட்டு நாற்பது வருடம் இருக்கும். கை பரபரத்தது.

"நல்லாப் பழகுவாங்க போலிருக்கே?" என்றார் மாமியார்.

"நீங்க வேற! வம்பு பேசற கூட்டம் அத்தை. ரெண்டே நாள்ல நம்ம வீட்டுக் கதை பூரா சந்தி சிரிச்சுடும்."

அறைக்குத் திரும்பினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அழைப்பு மணி இருந்தது. அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் நர்ஸ் வருவார். முழங்கால் பிடித்துக்கொண்ட நாட்களில் சுவரைப் பிடித்துச் சுவரைப் பிடித்து மாடிப்படி இறங்கியது மருமகளுக்கு நினைவு வந்தது. 'மணி கைக்கு எட்டவில்லை' என்று அழுத்தி எழுதினாள். பேனா முனை தாளைக் கிழித்தது.

அலுவலக அறையில் மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்ன முடிவு பண்ணீங்க?"

"எல்லாத்தையும் வாசிம்மா" என்றார் மாமியார்.

மருமகள் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். மொத்தம் பதினொரு குறைகள்.

"நல்லதுன்னு ஒண்ணுகூட இல்லையா? அந்த ஜன்னல் வெளிச்சம்?"

"கண்ணு கூசுது அத்தை."

மாமியாரின் முகம் வாடிப்போயிற்று. மருமகளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஒரு நொடி. மாமியார் மேலாளர் பக்கம் திரும்பினார்.

"இவ இத்தனை சொன்னப்புறம் வேண்டாம் சார். அடுத்தவங்களுக்கே கொடுத்துடுங்க."

மேலாளர் அங்கேயே போனை எடுத்துப் பேசினார். "சந்தோஷப்படறாங்க. சாயங்காலமே சாமானோட வர்றாங்களாம்" என்றார்.

மருமகளுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. இனி இவரும் தன்னைப் போலத்தான், அதே வீடு, அதே சமையல்.

மேலாளர் கோப்பிலிருந்து விண்ணப்பத்தை உருவி மேசைமேல் வைத்தார். "இதை நீங்களே வச்சுக்கோங்க. போட்டோ ஒட்டியிருக்கு, வேற இடத்துல கேட்டா உதவும்."

மாமியாரிடம் எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டிய மருமகள் அப்படியே நின்றுவிட்டாள். விண்ணப்பத்தில் இருந்தது அவளுடைய போட்டோ. வங்கிக்கு வேண்டும் என்று போன மாதம் மாமியார் கேட்டு வாங்கியது.

"உன் அறுபதுக்குன்னு பார்த்து வச்ச இடம்மா" என்றார் மாமியார். "முன்னாடியே சொன்னா, என் மனசு நோகக்கூடாதுன்னு எல்லாம் நல்லா இருக்குன்னுடுவே. அதான் சொல்லல. நான் சின்னவன் வீட்டுக்குப் போயிட்டா, நீ இனிமேலாவது உட்கார்ந்து சாப்பிடுவேன்னு நினைச்சேன். சரி, உனக்குத்தான் பிடிக்கலையே, விடு. வா, இப்பவே கிளம்பினாத்தான் நீ போய் உலை வைக்க நேரம் சரியா இருக்கும்."