நான்காவது ஸ்க்ரூ

நான்காவது ஸ்க்ரூ மட்டும் வருவேனா என்றது.

அவள் விடவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருகினாள். கிறீச்சென்றது. வந்துவிட்டது.

ஃபேன் கையோடு வந்தது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. இறக்கைகளில் பஞ்சு அப்பிக் கிடந்தது. திருப்பூரில் தூசி என்றால் பாதி பனியன் பஞ்சுதான்.

இத்தனூண்டு ஃபேன்தான் வீட்டையே இரண்டாக்கியிருந்தது.

அது சுற்றினால் பெட்டி அதிரும். பெட்டி அதிர்ந்தால் ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ உறுமும். பீரோவுக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாமனாரின் கட்டில். ஹாலில் சீரியல்காரர்கள் ஊரைக் கூட்டி அழுதாலும் அசராமல் தூங்குகிற மனுஷர். மருமகளின் கம்ப்யூட்டர் முனகினால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

காலையில் மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“ஒண்ணு அந்தச் சத்தம் நிக்கோணும். இல்லீன்னா பொட்டி வெளிய போகோணும். ரெண்டுல ஒண்ணு பாத்துக்க அம்மிணி.”

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு சட்டைக்கு அத்தனை பொத்தானா!

பெட்டி வெளியே போவதாவது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது அது. குழந்தைகளின் பனியனில் நெஞ்சருகே யானையோ பூவோ நூலில் பதிந்திருக்குமே, அதற்கு ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லித் தருவது அவள் வேலை. இன்றைக்கு ஒரு கிளி. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த டிசைன் வேறு யாருக்காவது போய்விடும்.

பஞ்சைத் துடைத்து எடுத்தாள்.

தையல் டப்பாவில் ஜட்டி எலாஸ்டிக் துண்டுகள் கிடந்தன. ஊர் உலகத்தின் இடுப்பையெல்லாம் பிடித்து நிறுத்துவது, ஒரு ஃபேனைத் தாங்காதா?

ஸ்க்ரூ போன ஓட்டைகளில் எலாஸ்டிக்கைக் கோத்து இழுத்துக் கட்டினாள். தகரத்தில் எங்கும் படாமல், காற்றில் தொங்குகிற மாதிரி. பெட்டிக்கு அடியில் பனியன் துணியை மடித்து வைத்தாள். பீரோவை விட்டு ஒரு முழம் தள்ளினாள்.

ஸ்விட்சைப் போட்டாள்.

ஃபேன் சுற்றியது. பீரோவின் மேல் கை வைத்துப் பார்த்தாள். இரும்பு, இரும்பாகவே இருந்தது.

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

கிளியின் மூக்கு முடிந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

“பொட்டிய நிறுத்திட்டயாக்கும். சும்மாதான இருக்கற? இந்த வெங்காயத்த உரிச்சுக் குடு கண்ணு.”

கீபோர்டை ஒட்டி ஒரு முறம் சின்ன வெங்காயம் வந்து அமர்ந்தது.

உரித்தாள். கண் எரிச்சலோடு கிளியின் இறக்கைக்கு வந்தாள். மாமனாருக்குக் காபி வேண்டியிருந்தது. போட்டுக் கொடுத்துவிட்டு வாலுக்கு வந்தாள். எதிர்வீட்டுக் குழந்தை அவள் மடிக்கு வந்தது, அதன் அம்மா கடைக்குப் போய்விட்டு வரும்வரை.

குழந்தை மவுஸைப் பிடித்து இழுத்தது. கிளிக்கு வயிற்றிலும் ஒரு வால் முளைத்தது.

“எனக்கு வேலை இருக்குதுங்க அத்தை.”

மாமியார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“சத்தமே இல்லாம என்ன வேலையாமா?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பீரோ உறுமிய நாளெல்லாம் இந்த அறைக்குள் யாராவது காலெடுத்து வைத்தார்களா? திட்டினார்கள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று திட்டினார்கள். திட்டி முடித்ததும் தங்கள் வெங்காயத்தைத் தாங்களே உரித்துக்கொண்டார்கள்.

குழந்தையை மாமியாரின் இடுப்புக்கு மாற்றிவிட்டாள்.

கிளியைப் பத்திரப்படுத்தினாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

எலாஸ்டிக் பட்டென்று சுருண்டு தையல் டப்பாவுக்கே போனது. அடியிலிருந்த துணியை உருவினாள். ஸ்க்ரூக்களைத் தேடி எடுத்தாள். வர அடம்பிடித்த அந்த நான்காவது, போகும்போது சமர்த்தாகப் போனது. இருந்தும் இன்னொரு சுற்று இறுக்கினாள்.

பெட்டியைத் தள்ளினாள். பீரோவில் இடிக்கும்வரை தள்ளினாள்.

ஸ்விட்சைப் போட்டாள்.

பீரோ உறுமியது. பழைய உறுமல் இதன் பக்கத்தில் நிற்காது. உள்ளே தொங்கிய சாவிக்கொத்துகூடக் கிலுகிலுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது.

மாமியார் அறை வாசலுக்கு வந்தார். இடுப்பில் குழந்தை. வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

“காலைல நா என்ன சொன்னேன்?” சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

“ஞாபகம் இருக்குதுங்க அத்தை.”

அவளும் கத்தித்தான் சொன்னாள்.

எழுந்தாள். கதவைச் சாத்தத்தான் வருகிறாள் என்று நினைத்து மாமியார் ஓரடி பின்னால் போனார்.

அவள் கதவை அகலத் திறந்தாள். காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, வெங்காயம் வந்த முறத்தை முட்டுக் கொடுத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கிளிக்கு இன்னும் கண் வைக்கவில்லை.