கடகட சத்தம்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி எல்லாம் தேவலையா? எனக்கு இடுப்பு போச்சு. காரணம், எங்க வீட்டுக்காரரோட முப்பத்தெட்டு வருஷப் பழைய எஸ்டேட் கார், அதான் பின்னாடி சாமான் ஏத்த நீளமா இடம் விட்ட வண்டி.

ரிட்டயர் ஆனதுலேருந்து அதுக்குப் புது பெயிண்ட், புது சீட்டுன்னு எல்லாம் பண்ணிட்டார். பின்னாடி வர்ற கடகட சத்தம் மட்டும் போகல. ஞாயித்துக்கிழமையானா அவர் ஓட்டுவார். நான் பின்னாடி சாமான் வைக்கிற இடத்துல படுத்துக்கிட்டு, சத்தம் எங்கேன்னு கேட்டுச் சொல்லணும். அந்தப் பின்கதவு வெளியிலேருந்துதான் திறக்கும்.

"கேக்குதாடி?"

"இடது பக்கம் கேக்குது."

"போன வாரம் வலது பக்கம்னியே!"

"இந்த வாரம் குடி மாறிடுச்சு போல. இறக்கி விடுங்க, மூச்சு முட்டுது!"

"பொறுடி. இந்தச் சத்தம் போயிட்டா கார் வேலை முடிஞ்சுது. அப்புறம் நாள் பூரா உன்கூட அடுப்படியிலதான்!"

அந்தப் பயத்துலதானே பின்கதவுத் தகட்டுக்குள்ள, கடகடன்னு உருளட்டும்னு ஒரு நட்டைப் போட்டு வச்சதே நான்! ரிட்டயரான முதல் மாசம், வெங்காயம் வெட்டக்கூட எனக்குப் பாடம் எடுத்த மனுஷன்.

இன்னிக்கு அவர் குளிக்கப் போனப்போ, நட்டு பத்திரமா இருக்கான்னு கைய விட்டுப் பாத்தேன். ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு அவர் பூட்டி வச்சிருக்கிற பெட்டியில மட்டும் இருக்கிற பித்தளை நட்டு.

உங்க வீட்டுல யாருகிட்டேருந்து யாரு தப்பிக்கிறீங்க? எழுதுங்களேன்.