பதினாறு ஜோடி

புளியமரப் பொந்துத் தேன்கூட்டில் செண்பகம் என்ற வேலைக்காரத் தேனீக்கு வாய் கொஞ்சம் நீளம். தன் அப்பா ராணியைத் துரத்திக்கொண்டு வானத்தில் பறந்து, அங்கேயே உயிரைவிட்ட கதையைத் தினம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தொண்டையில் தேன் இறங்காது.

ஆண் தேனீக்களுக்கு வேலைக்காரிகள் தேன் ஊட்டிவிடுவது கூட்டின் வழக்கம். அன்று ஓர் ஆண் தேனீ பசியோடு வந்து அவள் முன்னால் வாயைத் திறந்தான்.

"போடா அந்தப் பக்கம்! எனக்கு அம்மா கொடுத்த குரோமோசோம் பதினாறு, அப்பா கொடுத்தது பதினாறு. எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கு. நீ கருவுறாத முட்டையிலேருந்து அப்பனே இல்லாம பொறந்தவன். உன்கிட்ட இருக்கிற பதினாறும் ஒத்தை. உனக்கெல்லாம் நான் ஊட்டணுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கோபப்படவில்லை.

"ஆண் தேனீ யாருக்குமே அப்பா கிடையாதா அக்கா?"

"ஒருத்தனுக்கும் கிடையாது!"

"உங்க அப்பாவும் ஆண் தேனீதானே?"

சிரிப்பு நின்றது. செண்பகத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எத்தனை தடவை சொன்ன கதை! இது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அவனை ஏறிட்டுப் பார்க்காமல் தேனை ஊட்டினாள்.

வயிறு நிறையக் குடித்தவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

"உங்க அப்பா பறந்த கதையைச் சொல்லுங்கக்கா. எனக்குத்தான் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. நீங்க சொல்றதைத் தினமும் தூரத்தில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

செண்பகம் முதல்முறையாக அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.