கலாட்டா கேஸ்

"இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது, ஐயா. கேசினோ வாசல்ல, கார் நிறுத்துற இடத்துல துரத்திக்கிட்டு வந்து கத்தினார். பயந்துபோய் போலீஸைக் கூப்பிட்டேன்" என்றாள் டெனிஸ்.

எதிரே நின்ற வால்டருக்கு முகம் ஜிவுஜிவென்று சிவந்தது. அறுபதைத் தாண்டியவர், பென்சில்வேனியாவில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்.

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "'என் மெஷின், என் ஜாக்பாட்'னு கத்தினீங்களாமே? உங்களுதுன்னா இப்பவே சொல்லுங்க. கேசினோவுல கேமரா இருக்கு, வரவழைச்சுப் பாத்துடலாம். ஆடினது நீங்கன்னா, இந்தம்மா மேல திருட்டு கேஸ்."

"அப்படிக் கேளுங்க!" என்று துள்ளிய வால்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் அவருடைய வக்கீல் ரூத்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க, ஐயா."

வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "கேமராவா? அறிவிருக்கா உங்களுக்கு? 'நான் சூதாடி, என்னை உள்ளே விடாதீங்க'ன்னு கேசினோ லிஸ்டுல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான். போடலைன்னா போயிடுவேன்னு பொண்டாட்டி சொன்னா. போட்டேன். அப்புறமும் போயிட்டா."

"போட்டவர் உள்ள காலை வெச்சாலே அத்துமீறி நுழைஞ்ச குற்றம். கிரிமினல் கேஸ். பஸ் வேலை காலி. ஜாக்பாட்டையும் அரசாங்கம் எடுத்துக்கும். உங்களை வெளியில பிடிச்சதால இன்னும் யாரும் லிஸ்டைப் பாக்கல. வெளியில நின்னு கத்தினது வெறும் கலாட்டா கேஸ். அபராதத்தைக் கட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்."

"அப்ப என் பணம்?"

"அது அவளுக்குத்தான்."

"ஐயோ, இத்தனை வருஷத்துல எனக்கு விழுந்ததே இந்த ஒண்ணுதாம்மா!"

வேலை போகும் என்கிறாள், அவருக்குப் பணம்தான் கவலை. சூதாடியை என்ன சொல்லித் திருத்த?

"பெரிய தொகை விழுந்தா அடையாள அட்டை கேப்பாங்க" என்றார் வால்டர். "அதான் அவளை என் நாற்காலியில உட்கார வெச்சேன். 'உன் பேர்ல வாங்கு, வெளியில வந்து குடு'ன்னேன். கைநீட்டி வாங்கினவ, வெளியில வந்ததும் 'யாருய்யா நீ?'ங்கிறா."

"முன்னப்பின்ன தெரியாதவளை எப்படி நம்பினீங்க?"

வால்டர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "அது என் மெஷின் இல்ல, ஐயா. குடிச்சிருந்தேன். உளறிட்டேன்."

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா? கலாட்டாவுக்கு அபராதம் கட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

கேட்டார். தன் ஜாக்பாட்டைச் சுருட்டியவளிடமே மன்னிப்பு! டெனிஸ் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

ரூத் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு, டெனிஸின் காரை நோக்கி ஓடினார். மூச்சு வாங்கியது.

"எல்லாத்தையும் முழுங்கிடாதே! பட்டனை அழுத்தினது என் கை. பாதியாவது குடு!"

கார் கதவைத் திறந்தவள், அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நீங்க அங்க கொண்டுபோய்க் கொட்டினதுல பாதியாவது வீட்டுக்கு வந்துச்சா? இது மொத்தமும் அம்மாவுக்கு, அப்பா."