ஆதாயம் உள்ளவர்கள் வெளியே போகலாம்

“இந்த வாரத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்காட்டி, ரிசார்ட்காரரு குன்னூர்ல வேற கட்டடம் பாத்துக்குவாராமுங்க. நூலகத்தை மூடிப்போட்டுக் குத்தகைக்கு விட்ருவோமுங்க தலைவரே!” என்று மேசையைத் தட்டினார் மனோகரன்.

கோத்தகிரிப் பக்கம், சிறு தேயிலை விவசாயிகள் பணம் போட்டுக் கட்டிய நூலகம் அது. அந்த ஆண்டு பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், அங்கிருந்தும் இரண்டு படி கீழே இறங்கியிருந்தது. கொழுந்தைச் சும்மா கொடுத்தால்கூட ஃபாக்டரிக்காரர்கள் யோசித்துத்தான் வாங்கினார்கள். நூலகத்தை யார் நடத்துவது? ஐந்து அறங்காவலர்களும் கூடிவிட்டார்கள்.

ஓரமாக உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்த நூலகர் வனிதா தலை நிமிர்ந்தாள்.

“சார், தினமும் நாப்பது பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்க வருதுங்க. எஸ்டேட் லயத்துல ஒரே ரூம்ல ஆறு பேரு. இதை மூடிட்டா அதுங்க எங்கீங்க போகும்?”

“அம்மணி, நீங்க மினிட்ஸ் எழுதுனாப் போதும்” என்றார் தலைவர் நாச்சிமுத்து. சட்டம் என்றால் அவருக்கு உயிர். தும்மல் வந்தால்கூட, எந்த விதியின் கீழ் தும்முகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் தும்முவார்.

தொழிலாளர் சார்பில் அறங்காவலராக இருந்த பழனியாண்டி எழுந்தார். “நான் ஒத்துக்க மாட்டேன் ஐயா. சிலோன்ல இருந்து வந்து எறங்கின நாள்ல, எனக்கு நாற்காலி போட்டு உக்காரச் சொன்ன ஒரே எடம் இதுதான்.”

“அவரு ஒருத்தரு. நாம நாலு பேரு. ஓட்டுக்கு விடுங்க தலைவரே” என்று சிரித்தார் மனோகரன்.

“விட்ரலாமுங்க” என்றார் நாச்சிமுத்து. “அதுக்கு முன்னாடி ஒண்ணு. டிரஸ்டின்னா இந்தச் சொத்துக்குக் காவக்காரன். ரிசார்ட்டால காலணா ஆதாயம் இருக்கறவரு ஓட்டுப் போட்டா, நாளைக்கு எவனாச்சும் கோர்ட்டுக்குப் போவான். குத்தகையும் போகும், மானமும் போகும். அப்படி இருக்கறவங்க சொல்லிப்போட்டு வெளிய போயிருங்க.”

தேயிலை கைவிட்ட பிறகு ஊரே அந்த ரிசார்ட்டைத்தான் பிடித்துத் தொங்கியது. அதோடு ஒட்டாமல் இருந்தது மலைப்பனி ஒன்றுதான். அதையும் ‘வியூ’ என்று சொல்லி அறை வாடகையில் சேர்த்துவிட்டார்கள்.

அறங்காவலர் வடிவேல் தொண்டையைச் செருமினார். “என்ற மருமகன் மசினகுடியில அவிங்களுக்குத்தான் ஜீப் ஓட்டறானுங்க.”

“எந்திரிங்க.”

“நான் கேரட்டு மட்டுந்தானுங்க குடுக்கறேன்” என்றார் வேலாமணி.

“கேரட்டும் ஆதாயந்தானுங்க அக்கா. அப்படியே போயி ஒரு டீ குடிங்க.”

மனோகரன் நாற்காலியில் நெளிந்தார். “என்ற ஊட்டு மாடியில அவிங்க ஆளுங்கதான் வாடகைக்கு இருக்கறாங்க. ஆனா, நானும் போயிட்டா எப்படீங்க?”

“நானும் பழனியாண்டியும் இருக்கறமில்லீங்க? ஒண்ணுக்கு ஒண்ணு வந்தா, தலைவருக்கு இன்னொரு ஓட்டு இருக்குதுங்களே.”

மனோகரனின் முகத்தில் அரை டஜன் நிலவு ஒரே நேரத்தில் உதித்தது. நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சீட்டியடித்தபடி டீக்கடைக்குக் கிளம்பினார்.

அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அதில் வனிதாவுக்கு ஓட்டு இல்லை, பேனா மட்டும்தான்.

“நாளைக்கு அந்தப் பிள்ளைங்ககிட்ட நான் என்ன சார் சொல்லுவேன்?”

பழனியாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “என் ஓட்டை எழுதிக்க தாயி. தோத்தாலும் பரவால்ல, எதிர்த்தேன்னு எழுதிக்க.”

“எதுக்குங்க? உங்க ஓட்டும் வேண்டாம், என்ற ஓட்டும் வேண்டாம்” என்று எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார் நாச்சிமுத்து.

“எழுதுங்க அம்மணி. ஓட்டுப் போடத் தகுதியா மூணு டிரஸ்டியாவது இல்லாததால தீர்மானம் தள்ளுபடி. விதிப்படி இன்னும் ஒரு வருஷத்துக்கு இதை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது... வெரசா எழுதுங்க அம்மணி, அவிங்க டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டாகணும்!”