சிவப்பாக நின்ற ஒரே கட்டம்

திரையில் எல்லாக் கட்டங்களும் பச்சை. என்னுடையது ஒன்று மட்டும் சிவப்பு.

இயக்குநர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மனநலத் துறைத் தலைமை அலுவலகத்தின் கூட்ட அறை அது. ஏசி குளிரில் பல் தந்தியடிக்க, மாவட்டத்துக்கு ஒரு கிளினிக் ஆலோசகர் என்று வந்து உட்கார்ந்திருந்தோம். மதியம் அமைச்சர் வருகிறார். விடுபட்ட தகவல் ஒன்றுகூட இல்லை என்று அவருக்குக் காட்டியாக வேண்டும்.

இயக்குநருக்கு எங்களுக்குள் பச்சையம்மா என்று பெயர். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் சிவப்பு காட்டும். எதையாவது நிரப்பினால் பச்சை. எதை நிரப்பினோம் என்று அந்த அம்மா கேட்டதே இல்லை.

இந்த வருடம் ஒரு சீர்திருத்தம் வேறு செய்திருந்தார். நோயாளி பாதியில் நின்றுவிட்டால் காரணம் போடுகிற இடத்தில் முன்பு 'மற்றவை' என்று ஒன்று இருக்கும். தெரியாததையெல்லாம் அதில் தள்ளிவிடுவோம். சோம்பேறிகளின் குப்பைத்தொட்டி என்று சொல்லி அதைத் தூக்கிவிட்டார். இப்போது நான்கே காரணங்கள்: குணமடைந்தார், இடம் மாறினார், வர மறுத்தார், இறந்தார்.

அதற்குமேல் மனிதனுக்குக் காரணமே கிடையாது என்று இந்த அறையில்தான் முடிவு செய்தார்கள்.

என் சிவப்புக் கட்டம் ஒரு பெண். கல்லூரியில் முதல் வருடம். பெயர் திரையில் வராது, எண்தான் வரும். மணிக்கட்டில் கட்டோடு அவளை அவள் அப்பா அழைத்து வந்தார். முதல் இரண்டு முறை நான்தான் சுவரோடு பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை வாயைத் திறந்தாள். திறந்தவள் நிறுத்தவே இல்லை. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும்வரை பேசினாள்.

அப்புறம் வரவில்லை.

அப்பாவின் போன் அணைந்தே கிடக்கிறது. அம்மாவின் எண்ணுக்கு அடித்தால் பாதி மணியில் துண்டித்துவிடுகிறார்கள். கொடுத்த முகவரியில் அப்படி ஒரு வீடே இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தூக்கம் போனதே அதனால்தான்.

பக்கத்து மாவட்டத்துக்காரர் காலால் இடித்தார். குணமடைந்தார் என்று தட்டிவிடுங்கள் சார், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று காதைக் கடித்தார். நல்ல மனிதர். அவருடைய மாவட்டத்தில் நின்றுபோன அத்தனை பேரும் குணமடைந்துவிட்டார்கள். பட்டியலில் அதுதானே முதலில் இருக்கிறது.

தெரியாததை எழுத மாட்டேன் என்று எழுந்து நின்று சொன்னேன்.

எப்போதும் ஒத்து ஊதுகிற துணை இயக்குநர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

பச்சையம்மா மேஜையை ஓங்கி அறைந்தார்.

"ஒரு போன் பண்ணிக் கேக்கத் துப்பில்ல, நியாயம் பேச வந்துட்டீங்க! இப்பவே, எல்லார் முன்னாடியும், அந்த வீட்டுக்குப் போட்டுக் கேளுங்க. பதில் வரலைன்னா கிளினிக்கை இழுத்து மூடிட்டுப் போயிட்டே இருங்க!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. மனதுக்குள் பச்சையம்மாவைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கிளினிக் போனை எடுத்தேன். அப்பாவுக்கு அடித்துப் பயனில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுடைய எண்ணை அழுத்தினேன்.

மணி போனது.

மேஜையின் அந்தக் கோடியில், இயக்குநர் முன்னால் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அலுவலகத்துடையது, அந்த எண் எங்கள் எல்லோரிடமும் உண்டு. மற்றது அதிர்ந்து மேஜைமேல் நகர்ந்தது.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். அவர் எரிச்சலோடு குனிந்து அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, காதில் போனோடு நிற்கிற என்னைப் பார்த்தார்.

முகத்தில் ஈயாடவில்லை.

அவருடைய விரல் அசைந்தது. என் காதில் மணி பாதியில் நின்றது.

அறை மொத்தமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பச்சையம்மாவின் கதை அன்றோடு முடிந்தது. சொல்லத்தான் ஆசை, பொய் சொல்வானேன். ஆனால் அந்த அடி விழுவது அவர்மேல் மட்டுமா? அந்தப் பெண் என்னை நம்பி வாயைத் திறந்தவள்.

"எடுக்கலை மேடம்."

அவர் எழுந்து வந்தார். கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடமிருந்து மவுஸை வாங்கினார். நான்கு காரணங்களும் திரையில் விரிந்தன. அம்பு கடைசிக் காரணமான 'இறந்தார்'வரை இறங்கியது. அங்கிருந்து ஒரு படி மேலே ஏறியது.

வர மறுத்தார்.

கட்டம் பச்சையானது. துணை இயக்குநர் முதலில் கைதட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அப்பட்டமான பொய். மறுத்தது யார் என்று அவருக்கும் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். தட்ட எனக்குக் கை எழவில்லை.

தன் இடத்துக்குத் திரும்பும்போது என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கணம் நின்றார். கைதட்டல் சத்தத்துக்குள், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வீட்டுலதான் இருக்கா. இனிமே அந்த நம்பருக்குப் போட்டீங்கன்னா நடக்கறதே வேற."

உயிரோடு இருக்கிறாள். அதற்கப்புறம் அந்த அறையில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது நான்தான்.