கணக்கு நேரத்தில் ஊத்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி. யும்னாவுக்குக் கணக்கு டியூஷன் நடக்கும் அறையிலிருந்து ஊத் என்னும் தந்தி வாத்தியத்தை வாசிக்கும் சத்தம் வந்தது.

அப்பா மெத்ஹத் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். வழக்கமாக இந்த நேரத்தில் ஷுப்ராவில் தன் மருந்துக்கடையில் இருப்பார். இன்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் வந்திருந்தார்.

“சனா, உள்ள என்ன பாடம் நடக்குது?”

தேநீர்த் தட்டோடு வந்த மனைவி அசடு வழிந்தாள். “கணக்குதான்.”

“கணக்குல எந்தப் பாடத்துக்குத் தந்தி கட்டியிருக்கு?”

சனா தட்டைக் கீழே வைத்தாள். “மூணு வாரமா இப்படித்தாங்க. ஆறு மணிக்கு உக்கார்றாங்க, ஆறரைக்கு ஊத் கேக்குது. போய்க் கேட்டு, உஸ்தாத் ஷுக்ரி கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது? பரீட்சை நேரத்துல வீட்டுக்கு வர்ற வாத்தியார் வேற யார் கிடைப்பா?”

மெத்ஹத்துக்குச் சுருக்கென்றது. போன மாதத் தேர்வில் மகளுக்குக் கணக்கில் நாற்பதுக்குப் பதினெட்டு. ‘கணக்கு ஏறாவிட்டால் ஊத் கீஸாவில் என் அக்கா வீட்டுக்குப் போய்விடும்’ என்று அன்றே சொல்லிவிட்டார்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துச் சனாதான் ஓர் அட்டவணை எழுதி ஒட்டினாள். ஆறிலிருந்து ஏழு வரை கணக்கு, ஏழரைக்கு மேல் ஊத்.

உள்ளே வாசிப்பு தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அதே இடத்தில் தடுக்கியது.

“பள்ளிக்கூட விழாவுல பரிசு வாங்கின புள்ள,” என்றாள் சனா. “கணக்கு பயத்துல விரலே ஓடல பாருங்க.”

“ஆக, கணக்கும் போச்சு, ஊத்தும் போச்சு. அந்த ஊத் உறையை எடு. இன்னிக்கே அக்கா வீட்டுல குடுத்துட்டு வர்றேன்.”

“வேண்டாங்க. அது இல்லேன்னா புத்தகத்தையே தொட மாட்டா.”

“இருந்தும் தொடலியே.”

காலி உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெத்ஹத் நடந்தார். சனா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

“மொதல்ல அவர் டீ குடிச்சு முடிக்கட்டும். அப்புறமா திட்டுங்க. வீட்டுக்கு வந்த மனுஷன்.”

“மூணு வாரமா குடிச்சதுக்கே இன்னும் திட்டல.”

பெண் பிள்ளைக்குப் பாடம் நடப்பதால் வழக்கம்போல் கதவு பாதி திறந்தே இருந்தது. அந்த இடைவெளியில் மேஜையின் ஒரு முனை மட்டும் தெரிந்தது. ஊத் நின்று, மரத்தில் அளவுகோல் விழும் சத்தம் கேட்டது. டக், டக்.

“ஐயோ, அடிக்கிறாரோ,” என்று சனா பதறினாள்.

மெத்ஹத் கதவில் கை வைத்தவர், அப்படியே நின்றார். மேஜை முனையில் கணக்கு நோட்டு விரிந்து கிடந்தது. பன்னிரண்டு கணக்குகள், பன்னிரண்டுக்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.

உள்ளேயிருந்து யும்னாவின் குரல் கண்டிப்பாக வந்தது.

“இந்த வாரமும் வீட்ல பழகாம வந்திருக்கீங்களே, உஸ்தாத்.”